புனித சோலைமலை

என் தொழில் வாழ்க்கையில் நான் எத்தனையோ சட்டைகளைக் கெடுத்திருக்கிறேன். ஒரே ஒரு சட்டையால் ஒரு குடும்பத்தையே கெடுத்தது இதுதான் முதல் தடவை.

அக்கா கேட்டது பெரிய விஷயமில்லை.

"தம்பி, எடது கைக்கு மட்டும் தோள்லேருந்து முழங்கை வரைக்கும் பிரஸ் பட்டன் வச்சுத் தைச்சுக் குடுடா. ஆபரேசன் ரூமுக்குள்ள போனப்பறம் படக்குனு தெறந்துக்கலாம். அதுவரைக்கும் மூடியே இருக்கணும்."

ஹட்டன் டவுனிலேயே இப்படியொரு கையை யாரும் தைத்திருக்க மாட்டார்கள். வரிசையாகப் பட்டன், உள்ளே மெல்லிய பட்டி, வெளியே பார்த்தால் தையலே தெரியாது. நானே அதை ஹேங்கரில் மாட்டி, சற்றுத் தள்ளி நின்று ரசித்தேன்.

கண்டி ஆஸ்பத்திரியில் அக்கா போட்டுக்கொண்டு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. பட்டன் எல்லாம் வலது கையில்.

எதிரே நின்று அளவெடுத்த தையல்காரனுக்கு எது இடது, எது வலது என்பதில் ஒரு சின்னக் குழப்பம். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் வரவேண்டிய குழப்பம், எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது.

முதல் வாரத்திலிருந்து இந்தத் தொடரில் எங்களோடு வருபவர்களுக்கு விஷயம் தெரியும். இந்த வாரம்தான் வந்து ஏறியவர்கள் சற்று நகர்ந்து உட்காருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா மரியநாயகி, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து வேலை நிறுத்தம் செய்துவிட்டன. எந்தத் தொழிற்சங்கத் தலைவராலும் பேசித் தீர்க்க முடியாத வேலை நிறுத்தம். அதனால் வாரத்துக்கு இரண்டு முறை கண்டிக்கு வந்து மெசினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறாள். மெசினுக்கு இரத்தம் வேகமாகப் போய் வர, கையில் ஒரு வாசல் வேண்டும். மணிக்கட்டில் செய்துவைத்த வாசல் போன மாதம் அடைத்துக்கொண்டது. வலது கை நரம்புகள் ஊசி குத்திக் குத்திப் பாழாகிவிட்டன. இப்போதைக்குக் கழுத்துக்குக் கீழே ஒரு குழாய். அதை வைத்துக்கொண்டு நாள் கடத்தினால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் தாங்கமாட்டாள்.

மிச்சமிருப்பது இடது மேற்கை. உள்பக்கம் ஆழத்தில் ஓடும் ஒரு நரம்பை எடுத்து, மேலே தோலுக்கடியில் கொண்டுவந்து, இரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய குழாயோடு சேர்த்துத் தைக்க வேண்டும். 'தைக்க வேண்டும்' என்று டொக்டர் சொன்னதும் எனக்கு அவர்மேல் ஒரு தொழில் பாசமே வந்துவிட்டது.

"சரியாகத் தைத்தால் கைக்குள் ஓர் இரைச்சல் கேட்கும். தொட்டாலே தெரியும்" என்றார்.

"கேட்காவிட்டால்?"

டொக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

இதுதான் என் தலையெழுத்து. எனக்கு நேரான பதில் யாரும் சொல்வதில்லை. "ஒங்ககிட்ட சொல்றதும் ஸ்பீக்கர்ல போடுறதும் ஒண்ணுதான்" என்பாள் என் மனைவி பவுலின்.

காலையில் பெயர் பதிகிற இடத்தில் கிளார்க் அக்காவிடம் புருஷன் பெயரைக் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து மச்சானின் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. 'இந்தாங்க', 'இவங்க', 'பிள்ளைகளோட அப்பா'. அவ்வளவுதான். நான்தான் சொன்னேன்: "அந்தோனிமுத்து."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பெயர் பதிந்ததும், அக்கா குடிக்க வெந்நீர் வேண்டும் என்று மச்சான் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அக்காவுக்குச் சிங்களம் அரைகுறை. ஆகவே மொழிபெயர்ப்பாளர் பதவி எனக்கு. ஆபரேசன் அறைக்கு வெளியே ஒரு சின்ன அறை. டொக்டர் பேனாவால் கையில் குறி போட வேண்டும், சட்டைக் கையை மேலே தூக்குங்கள் என்றாள் நர்ஸ் மிஸி.

முழங்கைக்கு மேல் அது அசையவில்லை. நான் தைத்த கை, பிடி என்றால் அப்படியொரு பிடி.

"கழற்றச் சொல்லுங்க" என்றாள் மிஸி.

"உள்ள போய்க் கழட்டுறேன். இங்க வேணாம்" என்றாள் அக்கா. "தம்பி, நீ மொதல்ல வெளிய போ."

"நான் போயிட்டா யாரு பேசுறது?"

"நான் ஊமையாவே இருந்துக்கிறேன். நீ போ."

டொக்டர் வரும் சத்தம் கேட்டது. மிஸி இந்த விவாதத்தை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, "வெட்டட்டுமா?" என்று கையால் காட்டினாள். அக்கா என்னை முறைத்துக்கொண்டே தலையாட்டினாள். சரக் சரக்கென்று என் கைவேலை இரண்டாகப் பிளந்தது.

உள்கையில், வெயில் படாத வெளுத்த தோலில், பச்சை குத்தியிருந்தது. முழங்கைப் பக்கமிருந்து அக்குள் நோக்கி நீளமாக, குண்டு குண்டான எழுத்தில்.

சோலைமலை.

நான் இன்னொரு தடவை வாசித்தேன். சோலைமலைதான்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷமாக முழங்கை வரைக்கும் நீளக் கை வைத்த சட்டைதான் வேண்டும் என்று அவள் கேட்டதும், அதை அடக்கம் என்று நினைத்து நான் ஊரெல்லாம் பெருமை பேசியதும் ஞாபகம் வந்தது.

"லஸ்ஸனய்!" என்றாள் மிஸி. அழகாயிருக்கிறதாம். "என்ன எழுதியிருக்கு?"

பொய் சொல்வதற்கும் ஒரு தயார்நிலை வேண்டும். எனக்கு அது இல்லை. அக்கா கழுத்திலிருந்த ஜெபமாலை கண்ணில் பட்டது.

"அது... ஒரு புனிதர் பேரு, மிஸி."

நாட்டில் எத்தனையோ மிஸிமார் இருக்கிறார்கள். இவள் கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினாள். சிலுவை.

"நானும் கத்தோலிக்கம்தான். ஊர் வென்னப்புவ. எங்க ஊர்ல இல்லாத புனிதரா? என்ன பேரு?"

"சோலைமலை."

"கேள்விப்பட்டதே இல்லையே. எந்த நாட்டுக்காரர்?"

"இந்தியா."

"எதுக்கு வேண்டிக்குவாங்க?"

"கை வலிக்கு" என்றேன்.

டொக்டர் வந்தார். விரலால் தடவி, பேனாவால் ஒரு நீளக்கோடு இழுத்தார். கோடு நேராக சோலைமலையின் மேலேயே போனது, எழுத்துகளின் நடுவில்.

"இங்கேதான் வெட்ட வேண்டும். இந்த எழுத்து இரண்டாகப் பிளக்கும். சொல்லிவிடு" என்றார்.

சொன்னேன். அக்கா கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வேற எடத்துல வெட்டச் சொல்லு."

"அக்கா, ஒனக்குக் கிறுக்கா? வேற எடம் இல்லன்னுதான இங்க வந்துருக்கோம்?"

"அப்ப எழுத்து கோணாமத் தைக்க முடியுமான்னு கேளு. முடியும்னாத்தான் கைய நீட்டுவேன்."

உயிர் போகுமா இருக்குமா என்று நிற்கிற நேரத்தில் அடுத்தவன் பெயரின் கொம்பும் காலும் அவளுக்குக் கவலை! ஆனால் நரம்பு இங்கேதானே இருக்கிறது. டொக்டரிடம் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கட்டம் போட்ட துணி வெட்டுறப்ப நாங்க ரெண்டு பக்கமும் குறி வச்சுக்குவோம், சேர். தைக்கிறப்ப கோடு கோட்டோட வந்து சேரும்..."

டொக்டர் பிளந்து தொங்கிய சட்டைக் கையைப் பார்த்தார். அப்புறம் வலது கைப் பட்டன்களைப் பார்த்தார்.

"இதைத் தைத்தது நீயா?"

"ஆமா, சேர்."

"அப்படியென்றால் நானே பார்த்துக்கொள்கிறேன்."

சொல்லிக்கொண்டே, தான் இழுத்த நீளக்கோட்டுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகளாகப் போட்டுக்கொண்டு போனார். சேர்க்கும்போது பிசகாமலிருக்க. அவர்கள் தொழிலிலும் அது உண்டுபோல.

அக்கா கையை நீட்டினாள்.

தள்ளுவண்டியில் ஏற்றும்போது நான் குனிந்து அவள் காதில் கேட்டேன். "யாரு அக்கா அது?"

"மொதல்ல தையல் பழகு" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

திரும்பினால் மச்சான், பிளாஸ்கும் கையுமாக.

"உள்ள போயிட்டாளா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார். முகம் வாடிப்போனது.

அந்தோனிமுத்து மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடப்புசல்லாவைக்காரர். தேயிலைக் கொழுந்தை அரைக்கும் ஸ்டோரில் ரோலர் மெசினில் வேலை. கல்யாணம் அங்கேயே நடந்தது. அப்போது நான் கொழும்பில் ஒரு தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த பொடியன், லீவு தரவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு மச்சான் இருந்தார். பிறந்ததிலிருந்து கோயிலில் வளர்ந்த என்னைவிட நன்றாக ஜெபம் சொன்னார். எங்கள் அப்பா லோரன்ஸ் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் தோட்டத்துக் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர். அவரே மெச்சிய மருமகன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வெந்நீரை ஏந்திக்கொண்டு நிற்கிறார். உள்ளே அவர் பெண்டாட்டி கையில் எவனோ ஒருத்தன் பெயர்.

"மச்சான், நீங்க இங்கயே இருங்க. உள்ள மட்டும் போயிராதீங்க."

"உள்ள எப்புடிப் போறது? ஆபரேசன் நடக்குது."

"அதான். போயிராதீங்க."

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடையில் டெலிபோன் இருந்தது. பாரத்தை யாரிடமாவது இறக்காவிட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும். ஹட்டனில் எங்கள் தையல் கடைக்குப் பக்கத்து பார்மசிக்கு ஒரு டிரங்க் கோல் போட்டேன். பவுலினைக் கூப்பிட்டார்கள்.

"பவுலின், மெதுவாக் கேளு. அக்கா கையில இன்னொருத்தன் பேரு!"

"என்னாது? கேக்கல, சத்தமாச் சொல்லுங்க!"

சத்தமாகச் சொன்னேன். கண்டியில் சிலருக்கும், நடுவில் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்களுக்கும், ஹட்டனில் பார்மசிக்கு வந்தவர்களுக்கும் நன்றாகக் கேட்டிருக்கும். பவுலின் பக்கத்தில் ஒரு இருமல். அப்பா! அக்காவின் செய்தி கேட்க டவுனுக்கு வந்திருக்கிறார். போனை அவர் வாங்கிக்கொண்டார்.

"என்னா பேரு சொன்ன?"

"சோலைமலை, அப்பா."

அப்பா மறுபடி இருமினார்.

"அந்தோனிகிட்ட ஒண்ணும் பேசாத" என்றார் அப்பா. குரல் எப்படியோ இருந்தது. "நானும் பவுலினும் அடுத்த பஸ்ஸுல வாறோம்."

போனை வைத்த பிறகுதான், பேசாமலிருந்திருக்கலாமே என்று தோன்றியது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான்.

திரும்பி வந்து மச்சான் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்பா பேசாதே என்றார். நான் பேசவில்லை, கேட்டேன். கேட்பது வேறு.

"மச்சான், நோட்டன் பக்கம் சோலைமலைன்னு யாராச்சும் இருந்தாங்களா?"

பிளாஸ்க் மூடியிலிருந்த வெந்நீர் அவர் மடியில் கொட்டியது. துள்ளி எழுந்தார்.

"எங்க கேட்ட அந்தப் பேர?"

"சும்மா. கடைக்கு ஒரு ஆளு வந்தாரு."

"எப்ப?"

"வந்து... அளவு குடுத்தாரு."

என்னை உற்றுப் பார்த்தார். "சோலைமலை ஒங்கிட்ட அளவு குடுத்தாரா?" என்றார் மெதுவாக. பிறகு உட்கார்ந்து வேட்டியைப் பிழிந்தார். "அப்புடி ஒரு ஆள் இருந்தாரு. இப்ப இல்ல."

"செத்துட்டாரா?"

"அப்புடியும் சொல்லலாம்."

"நேராச் சொல்லுங்க மச்சான்!"

"அக்கா வெளிய வரட்டும்டா. அந்த இரைச்சல் கேக்குமா கேக்காதான்னு எனக்கு நெஞ்செல்லாம் அடச்சுக் கெடக்கு. நீ வேற."

அவர் விரல்களைப் பார்த்தேன். ஜெபமாலை மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. ரோலர் மெசினில் காய்ப்பேறிய விரல்கள். எனக்கும் பயம் வந்துவிட்டது. எவன் பெயர் இருந்தால் என்ன, கை ஓடினால் போதும் என்று ஒரு பக்கம். ஓடினால் பிறகு இவருக்கு என்ன பதில் என்று மறுபக்கம்.

கதவைத் திறந்துகொண்டு மிஸி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"முடிஞ்சுது! நல்ல தைரியசாலி. கையை மட்டும்தானே மரத்துப்போகச் செஞ்சோம், முழிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க. ஆனா முழு நேரமும் உங்க புனிதரை விடவே இல்லை!"

நான் கண்ணால் சைகை காட்டினேன். கையால் காட்டினேன். இருமினேன்.

"எந்தப் புனிதர்?" என்றார் மச்சான், அவருடைய கடைத்தெருச் சிங்களத்தில்.

"சோலைமலை! 'சோலைமலை, சோலைமலை'ன்னு ஒரே ஜெபம். எனக்கே மனசு உருகிப்போச்சு. நானும் வேண்டிக்கிட்டேன். இந்தக் கை சரிவந்தா அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்துறதாச் சொல்லிட்டேன். அவர் கோயில் எங்க இருக்கு?"

மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

தாலி கட்டிய புருஷன் பெயரைக் கிளார்க்கிடம்கூடச் சொல்லாதவள், அடுத்தவன் பெயரை டொக்டர் காதுபட உருப்போட்டிருக்கிறாள். எந்த ஆம்பிளைதான் தாங்குவான்? நான் அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"அழாதீங்க மச்சான். எங்க குடும்பத்து மேல தப்பு. மன்னிச்சிருங்க. ஒங்களுக்கு ரெண்டு சட்டை நானே தைச்சுத் தாறேன்."

"வேணாம்டா" என்றார், சுவரைப் பார்த்தபடி. "சட்ட மட்டும் வேணாம்."

உள்ளே கூப்பிட்டார்கள்.

அக்கா சாய்ந்து படுத்திருந்தாள். இடது கை ஒரு தலையணைமேல், கட்டுப்போட்டு. முழங்கைக்குச் சற்று மேலே ஓரிடத்தை மட்டும் மூடாமல் விட்டிருந்தார்கள். டொக்டர் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்து, தலையைச் சாய்த்து, மறுபடி வைத்துப் பார்த்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம்.

பிறகு மச்சானின் கையைப் பிடித்து, விரலை அங்கே வைத்தார்.

மச்சான் மூச்சை அடக்கிக்கொண்டார். எனக்கு அந்த ஆஸ்பத்திரியே நின்றுவிட்டதுபோல இருந்தது.

"ஓடுதுடா" என்றார் என் பக்கம் திரும்பி. "அலோசியஸ், ஓடுதுடா! ஸ்டோர்ல ரோலர் ஓடுறப்ப பலகையில கை வச்சா அதிருமே, அதே மாதிரி!"

நானும் தொட்டுப் பார்த்தேன். தீப்பெட்டிக்குள் வண்டைப் பிடித்து வைத்ததுபோல அக்காவின் தோலுக்கடியில் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. மெசினுக்குப் போகிற வாசல். என் கண் ஏன் கலங்கியது என்று கேட்காதீர்கள். அந்த அறையில் மருந்து வாடை அதிகம்.

"இன்று ஓடுகிறது" என்றார் டொக்டர். "தடித்துப் பலப்பட வாரக்கணக்காகும். அதுவரை இந்தக் கையில் பாரம் கூடாது, ஊசி கூடாது, இறுக்கமான சட்டை கூடாது." கடைசியைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். "எழுத்தை முடிந்தவரை சேர்த்துவிட்டேன். அந்த வளைந்த எழுத்தில் ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்."

மொழிபெயர்த்தேன். அக்கா சிரித்தாள். சிரித்தது டொக்டரைப் பார்த்தல்ல, மச்சானைப் பார்த்து. மச்சானும் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

மாலை பார்வையாளர்களுக்கான மணி அடித்தது. படிக்கட்டுப் பக்கம் ஆட்கள் ஏறிவரும் சத்தம். அதற்குள் அப்பாவின் இருமலும் கேட்டதுபோல இருந்தது.

"அக்கா, அப்பா வந்துட்டாரு. நான்தான் போன் பண்ணித் தொலைச்சேன். அவரு வாறதுக்குள்ள நேரா ஒரு பதில் சொல்லு. புருஷன் பேரச் சொல்லமாட்ட. உள்ள படுத்துக்கிட்டு அடுத்தவன் பேர எப்புடிச் சொன்ன? யாரு இந்தச் சோலைமலை?"

அக்கா மச்சானைப் பார்த்தாள். சொல்லிவிடு என்பதுபோல அவர் தலையாட்டினார்.

"ஒன் மச்சான்தான்டா" என்றாள் அக்கா. "அதுதான் அவங்க அம்மா வச்ச பேரு. என்னயக் கட்டுறதுக்காகக் கோயில்ல ஞானஸ்நானம் வாங்குனாங்க, பேரு மாறிப்போச்சு. பழைய பேரு நம்ம வீட்டுல கேக்கக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு. புருஷன் பேரத்தான் நான் சொல்லக்கூடாது. சோலைமலை எனக்குக் கல்யாணத்துக்கு முந்தியே கூப்புட்டுப் பழக்கம். எனக்காகத்தான அந்தப் பேர விட்டாங்க? அதுக்கு இருக்க ஒரு எடம் வேணாமா தம்பி? அதான் ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம் பச்ச குத்துறவகிட்டப் போயிக் கைய நீட்டுனேன்."